புல்வெட்டி வண்டியால் சருகு வாருதல்

இருக்கையில் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியைப் புல் வெட்டுவதற்காகவே வாங்குகிறோம் என்றாலும், அது வாங்கிய விலைக்கு ஈடுகொடுப்பது இலையுதிர் காலத்தில்தான் என்பது என் கருத்து. பெரிய மரங்கள் நிற்கும் அகன்ற புல்தரையில் விழும் சருகைக் கையால் கூட்டிக் குவித்துச் சாக்கில் அள்ளுவது முதுகை ஒடிக்கும் வேலை; கூட்டி முடித்த மறுநாளே மரம் அடுத்த தவணையைக் கொட்டிவிடும். ஆனால் வண்டியின் பின்னால் பையை மாட்டிவிட்டால் சருகு தானாகவே வந்து நிறையும் என்று நம்பிப் புறப்படுகிறவர்களின் வண்டி, சிறிது தூரத்திலேயே சருகைப் பைக்குக் கொண்டுசெல்லும் குழாய் அடைத்து நின்றுவிடுகிறது. சருகு பைக்குள் போவது காற்றின் வேலை என்பதை மனத்தில் வைத்து ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

வண்டியின் அடியில் தொங்கும் டெக் என்னும் உலோக உறைக்குள் இரண்டு அல்லது மூன்று பிளேடுகள் சுழல்கின்றன. ஒவ்வொரு பிளேடின் பின்விளிம்பும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவுதான் தரையிலிருந்து காற்றை மேலே இழுத்து, சாய்ந்த புல்லை நிமிர்த்தி, நறுக்கிய துண்டுகளைப் பக்கவாட்டு வாய் வழியாக வெளியே எறிகிறது. பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. அது மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். எஞ்சினின் சுற்று குறைந்தால் இந்த வேகமும் குறையும், காற்றின் இழுப்பும் தளர்ந்துவிடும். ஆகவே எஞ்சினின் சுற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் முழு அளவில் இருக்க வேண்டும், வண்டி மட்டும் மெதுவாக நகர வேண்டும். இரைச்சலைக் குறைக்க எண்ணி த்ராட்டிலைத் தணித்துவிட்டு வண்டியை விரைவாக ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் அடைப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

பிளேடிலும் வகை உண்டு. பின்விளிம்பு அதிகமாக உயர்ந்த பிளேடு வலுவாகக் காற்றை இழுப்பதால், சருகைப் பைக்கு ஏற்றி அனுப்ப அதுவே ஏற்றது. மணற்பாங்கான தரையில் அது புழுதியையும் சேர்த்துக் கிளப்பும் என்பது அதன் குறை. மூடாக்குப் பிளேடு இதற்கு மாறானது. பக்கவாட்டு வாயை அடைத்துவிட்டு, துண்டுகளை டெக்கின் உள்ளேயே சுழலவிட்டுத் திரும்பத் திரும்ப நறுக்கித் தரையில் உதிர்ப்பது அதன் வேலை. எந்தப் பிளேடானாலும் கூர் மழுங்கியிருந்தால் சருகு துண்டாகாமல் கிழிந்து கசங்கும், கசங்கியது குழாயின் வளைவில் சிக்கிக்கொள்ளும்.

ஈரம்தான் இந்த வேலையின் முதல் எதிரி. பனியில் நனைந்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தரையோடு படிந்து கிடப்பதால் காற்று அவற்றைத் தூக்க முடியாது. தூக்கினாலும் அவை டெக்கின் உட்புறத்தில் அப்பிக்கொள்கின்றன. வெயில் ஏறி மேற்பரப்பு உலர்ந்த பிறகு, நண்பகலையொட்டித் தொடங்குவதே நல்லது. முற்றிலும் காய்ந்த சருகோ வேறொரு தொல்லையைத் தரும்: ஓட்டுகிறவரைச் சுற்றித் தூசிப் படலம் எழும். முகக்கவசம், கண்ணாடி, காதுக்காப்பு மூன்றும் இல்லாமல் அந்த இருக்கையில் அமரக் கூடாது. தொடங்குவதற்கு முன் தரையை ஒருமுறை நடந்து பார்த்துக் கல், மரக்கிளை, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும்; சருகு மூடியிருக்கும்போது இவை கண்ணில் படாது.

சருகு அடர்த்தியாக இருந்தால் முதல் சுற்றிலேயே பையை மாட்டுவதை நான் விரும்புவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் துண்டுகள் வலப்புறமாக வெளியேறும். எனவே புல்தரையின் ஓரத்திலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் ஓட்டினால் சருகு நடுவை நோக்கி வீசப்படும். அடுத்த சுற்றில் அதே சருகு மீண்டும் நறுக்கப்பட்டு இன்னும் உள்ளே தள்ளப்படும். முதல் சுற்றில் டெக்கை உயர்த்தி வைத்து, போகப் போகச் சற்றுத் தாழ்த்தலாம். இப்படி நடுவில் சேர்ந்த வரிசையைப் பை மாட்டிய வண்டியால் வாரும்போது, முழு இலையாக அள்ளியிருந்தால் பல பைகளை நிறைத்திருக்கக்கூடிய சருகு மிகக் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகிறது. எறியும் வாயின் திசையில் ஆளோ, சன்னலோ, நிறுத்திய வாகனமோ இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாச் சருகையும் வாரித்தான் ஆக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். மெல்லிய அடுக்காக விழுந்ததைப் பொடியாக நறுக்கிப் புல்லுக்கு இடையிலேயே விட்டுவிட்டால், மண்புழுவும் நுண்ணுயிரும் அதை மண்ணோடு சேர்த்துவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இம்முறையைப் புல்தரைகளில் சோதித்துப் பார்த்துப் பரிந்துரைத்திருக்கிறார்கள். நறுக்கி முடித்த பின் புல்லின் நுனிகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதே நான் பார்க்கும் அளவுகோல். துண்டுகள் புல்லை மூடிவிட்டால் வெளிச்சம் கிடைக்காமல் அது வெளிறிப் போகும், அந்த மிகுதியை மட்டும் வாரினால் போதும்.

வாரியதைக் குப்பைக்கு அனுப்புவது வீண் செலவு. சருகில் கரிமச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு; இரண்டுக்கும் உள்ள விகிதம் பொதுவாக 40-க்கு 1 முதல் 80-க்கு 1 வரை இருக்கும். மட்கு உரம் விரைவாகப் பதமாவதற்கு 30-க்கு 1 என்ற அளவு வேண்டும். பச்சைப் புல்லில் அது 20-க்கு 1 என்ற அளவை ஒட்டியிருப்பதால், இலை உதிரும் பருவத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் புல்லையும் சருகையும் ஒருசேர வெட்டிப் பையில் பிடிக்கும்போது, நாம் தனியாகக் கலக்காமலேயே ஓரளவு சரியான கலவை கிடைத்துவிடுகிறது.

வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் துடைப்பக் கருவியும் உண்டு. சக்கரம் உருளும்போது அதன் தூரிகைகள் சுழன்று சருகைப் பின்பையில் எறியும். சமதளத்தில் காய்ந்த இலைக்கு அது போதும். தனி எஞ்சின் பொருத்திய உறிஞ்சுகருவி ஏக்கர் கணக்கில் மரம் வைத்திருப்பவர்களுக்கே கட்டுப்படியாகும்.

பை நிறையும்போது எடை முழுவதும் பின்பக்கம் சேர்ந்து முன்சக்கரங்களின் பிடி தளர்கிறது. சரிவில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிவிடும் ஆபத்து உண்டு என்பதால், பையைப் பாதியிலேயே காலி செய்துவிட்டுச் சரிவுக்குப் போவது நல்லது. 15 பாகைக்கு மேல் சாய்ந்த தரையில் போகவே கூடாது. குழாய் அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பிளேடு முற்றிலும் நின்ற பின் குச்சியால்தான் கிளற வேண்டும். வேலை முடிந்ததும் சைலன்சரைச் சுற்றியும் டெக்கின் மேலும் எஞ்சினின் காற்று வலையிலும் படிந்திருக்கும் துகள்களை ஒன்றுவிடாமல் தட்டி எடுத்து, வண்டி நன்றாக ஆறும் வரை திறந்த வெளியிலேயே நிறுத்திவைக்க வேண்டும். சூடான சைலன்சர்மேல் காய்ந்த சருகு கிடக்க வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டுவது தீயை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும்.