புதுசா நடிக்க வர்றவங்க ஏஜென்ட் தேடுறப்போ

நடிக்க வாய்ப்பு வாங்கித் தர்ற ஏஜென்ட் எங்க கிடைப்பாங்கன்னு தேடறதுக்கு முன்னாடி, அவங்க கேட்டா உடனே அனுப்ப நம்மகிட்ட என்ன இருக்குன்னு பாருங்க. ஒரு நல்ல ஹெட்ஷாட் (முகம் தெளிவா தெரியற போட்டோ), ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு ஷோரீல் (நீங்க நடிச்ச சீன்களோட வீடியோ), பண்ண நாடகம் குறும்படம் எல்லாம் போட்ட ஒரு பக்க ரெஸ்யூமே, ஆரம்பத்துக்கு இது போதும். போட்டோல ஓவர் எடிட்டிங் வேணவே வேணாம், ஆடிஷனுக்கு வர்ற அதே முகம்தான் அதுலயும் இருக்கணும். ரீல்ல மியூசிக் போட்டு துண்டு துண்டா வெட்டி ஒட்டாம எடுத்த எடுப்புலயே நீங்க பேசி நடிக்கற சீன வைங்க.

அப்புறம் காசு விஷயம், இத நான் எத்தன தடவ வேணா சொல்வேன். ஏஜென்ட்டுக்கு வருமானமே நம்ம சம்பளத்துல வர்ற கமிஷன்தான், பல இடங்கள்ல 10 சதவீதம், சில இடங்கள்ல 15, 20 வரைக்கும் போகும். வேலையே வாங்கித் தராம ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்டாலோ, எங்க போட்டோகிராஃபர்கிட்டதான் போர்ட்ஃபோலியோ எடுக்கணும்னு சொன்னாலோ எழுந்து வந்துடுங்க, கனவோட வர்ற பசங்ககிட்ட இப்படி பிடுங்கறத பாத்தா வயிறு எரியுது.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எத்தன வருஷ ஒப்பந்தம், நாமளா தேடிப் பிடிச்ச வேலைக்கும் கமிஷன் உண்டா, பிடிக்கலன்னா எப்படி வெளிய வரலாம், இதெல்லாம் வாயால கேட்டா பத்தாது, பேப்பர்ல இருக்கான்னு பாருங்க. அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கற நடிகர்கள்ல ரெண்டு பேர்கிட்ட பேசிப் பாருங்க, ஆடிஷன் உண்மையிலேயே வருதா, சம்பளம் சொன்ன நேரத்துக்கு கைக்கு வருதான்னு அவங்களே சொல்லிடுவாங்க.