கைமாற்று

கைமாற்று என்றால் எங்கள் ஊரில் வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் காசு. போன ஆவணியில் எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. மெசினுடைய கையை மாற்ற வேண்டியிருந்தது, அதற்காக மச்சானிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது.

மெசின் என்றால் செயினில் ஓடுகிற 20 தொன் எக்ஸ்கவேட்டர். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்தது. ஊரில் எல்லாவற்றையும் பெக்கோ என்றுதான் சொல்வார்கள், சரி, அப்படியே இருக்கட்டும். தோளில் இருந்து முழங்கை வரை பூம், முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை ஆர்ம், உள்ளங்கை பக்கற். எனக்குப் போனது அந்த நடுத்துண்டு, ஆர்ம்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வேலை செய்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மேலே செம்மண் பார்க்க அழகாக இருக்கும், சில இடத்தில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல். அந்தக் காலத்தில் கிணறு வெட்ட வெடி வைத்தார்கள், இப்போது பக்கற்றைக் கழற்றிவிட்டு பிறேக்கர் பூட்டுகிறோம். பிறேக்கர் கல்லை உடைக்கிற ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் ஆர்முக்குள் திரும்பி வரும். அதோடு, உடைத்த கல்லைப் பக்கவாட்டில் தள்ளுகிற பழக்கம் வேறு எங்கள் ஒபரேட்டர் தம்பிக்கு இருந்தது. ஆர்ம் நேராக இழுக்கவும் தள்ளவும் செய்த சாமான், விளக்குமாறு மாதிரிக் கூட்டுவதற்கு இல்லை. ஆனால் தம்பியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதல் வெடிப்பைப் பார்த்தபோது, பக்கற் சிலிண்டரின் அடி பொருந்துகிற காதுக்குக் கீழே, தலைமயிர் அளவில் ஒரு துருக்கோடு, "விடு, ஒரு வெல்டிங் அடிச்சா ஓடும்" என்று சொன்னது நான்தான்.

அடித்தோம். வெடிப்பை அடிவரை கிறைண்டரால் தோண்டவில்லை, முனையில் துளை போட்டு நிறுத்தவில்லை, இரும்பைச் சூடாக்கவில்லை, ஈரம் குடித்த வெல்டிங் றொட்டால் மேலே ஒரு பூச்சு. மூன்று கிழமையில் பூச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடித்தது. அடுத்த தடவை மேலே ஒரு தகடு வைத்து ஒட்டினோம். அதன் ஓரம் ஆர்முக்குக் குறுக்காக நேர்கோட்டில் இருந்தது. பாரம் முழுவதும் அந்தக் கோட்டில் போய் நிற்கும், அதனால்தான் தெரிந்தவர்கள் தகட்டின் முனையைக் கூராக வெட்டி வைப்பார்கள். எங்கள் தகடு பிடித்தது, தகடு முடிந்த இடத்தில் ஆர்ம் வெடித்தது. வெடிப்பு பக்கத் தகட்டுக்கும் இறங்கியபிறகு மெக்கானிக் அண்ணையைக் கூப்பிட்டேன். பார்த்தார். "இது ஆர்ம் இல்லை தம்பி, ஒட்டுப் போட்ட சாரம். மாத்து."

மாரி தொடங்கமுதல் மூன்று கிணறு முடித்துக் கொடுக்கவேண்டும். அவசரத்தில் கொழும்புப் பக்கம் ஒரு யார்ட்டுக்குப் போன் எடுத்தேன். அதே மொடல் ஆர்ம் இருக்கிறது என்றார்கள். மூட்டில் கோர்க்கிற இரும்பு அச்சைத்தான் பின் என்போம், அந்தப் பின் போகிற ஓட்டை எவ்வளவு என்று கேட்டேன், சரியாக இருந்தது. அதோடு விட்டேன். காசு போட்டேன், லொறி ஏ9 வழியாக இரவு முழுக்க ஓடி விடிய வந்து இறக்கியது. பளபளவென்று மஞ்சள் பெயின்ற். மனைவிகூட நல்லாயிருக்கு என்றாள்.

பழையதைக் கழற்றுகிற வேலை தனிக்கதை. பக்கற்றைக் கழற்றி, ஆர்மைப் பனங்குற்றிகளுக்கு மேல் படுக்க வைத்தோம். எஞ்சினை நிறுத்திய பிறகும் ஹோஸ் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். சாவியை மட்டும் போட்டு லீவர்களை நாலு பக்கமும் ஆட்டி, ஒயில் தாங்கியின் காற்றையும் விட்டபிறகுதான் அண்ணை ஸ்பனரைத் தொட விட்டார். ஆர்ம் சிலிண்டரைச் சங்கிலியால் பூமோடு கட்டினோம். கட்டாமல் பின்னை உருவினால் அது தொப்பென்று விழும், கீழே யாருடைய கை இருக்கிறது என்று பார்க்காது. பக்கற் சிலிண்டரோடு சேர்த்து ஆர்ம் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், அதைத் தாங்க கிரேன் பூட்டிய பூம் ட்ரக்கை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்திருந்தேன். முழங்கைப் பின் வரவில்லை. கிறீஸ் போகிற பாதை எப்போதோ அடைத்து, பின்னும் அதைச் சுற்றியிருக்கிற வளையமான புஷ்ஷும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன. சம்மட்டி, காஸ் சூடு, கடைசியில் இரும்புச் சட்டம் செய்து ஹைட்ரோலிக் ஜக்கால் தள்ளியபோது துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பக்கத்து வீட்டு நாய் ஒழுங்கைக்குள் ஓடியது. ட்ரக் வாடகை அதற்குள் ஐந்து மணித்தியாலம்.

புது ஆர்மைத் தூக்கிப் பூம் வாய்க்குள் விட்டோம். போகவில்லை.

அளந்தால் 4 மில்லிமீற்றர் அகலம் கூட. அண்ணை ஒன்றும் பேசாமல் பெயின்றைச் சுரண்டினார். உள்ளே பழைய வெல்டிங். யாரோ பூமோடு உரசித் தேய்ந்த பக்க முகத்தை வெல்டிங்கால் நிரப்பி, சரியாகக் கடையாமல், பெயின்ற் அடித்து விற்றிருக்கிறார்கள். "அகலம் ஆர் பார்த்தது?" என்று கேட்டார். நான் ட்ரக் டிரைவரைப் பார்த்தேன்.

கிறைண்டரால் தேய்ப்போம் என்று தம்பி சொன்னான், அண்ணை விடவில்லை. முகம் கோணினால் பின்னில் பாரம் ஒரு பக்கமாக ஏறும். மூன்று மீற்றர் நீளச் சாமானை லேத்தில் ஏற்றவும் முடியாது. ஆர்மிலேயே பூட்டிக் கடைகிற லைன் போரிங் மெசினோடு ஒருவர் வர நாலு நாள், அதுவரை ஒரு கிணற்றுக்காரர் காலையும் மாலையும் போன். வந்தவர் பக்கத்துக்கு 2 மில்லிமீற்றர் எடுத்து, ஓட்டையையும் நேர்ப்படுத்தினார்.

புஷ் இறக்கியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வீட்டு ஃபிரீசரில் விளைமீனுக்குப் பக்கத்தில் ஒரு இரவு வைத்தோம். நூறு மில்லிமீற்றர் புஷ் அந்தக் குளிரில் சுருங்குவது 0.05 மில்லிமீற்றர் அளவுதான், ஓட்டைப் பக்கத்தைக் கொஞ்சம் சூடாக்கியதும் அந்த வித்தியாசமே போதும், இரண்டு தட்டில் உள்ளே போய் உட்கார்ந்தது. சம்மட்டியால் அடித்து இறக்கியிருந்தால் ஓரம் உடைந்திருக்கும். ஃபிரீசரில் கிறீஸ் மணம் போக இரண்டு கிழமை ஆனது, அதைப் பற்றி மேலே எழுதினால் வீட்டில் பிரச்சினை.

பூட்டிய பிறகு பக்க இடைவெளிக்கு ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சிலிண்டர்களை முழுதாக நீட்டாமல் கடைசிச் சாணுக்கு முன்னே நிறுத்தி நாலைந்து தடவை ஆட்டினோம். காற்று இருக்கும்போது முட்ட நீட்டினால் சீல் போய்விடும். அப்புறம் ஒயில் அளவு பார்த்தது, கிறீஸ் அடித்தது. இப்போது பிறேக்கர் பூட்டிய நாளில் காலையும் மத்தியானமும் கிறீஸ். தம்பி முணுமுணுக்கிறான்.

பழைய ஆர்ம் முருங்கைக்குக் கீழே கிடந்தது. போன கிழமை ஒருவர் வந்து பார்த்தார், இரும்பு விலையைவிட நல்ல விலை கேட்டார். என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். "ஒரு பெயின்ற் அடிச்சா போகும் அண்ணை" என்றார். மச்சானுடைய காசு இன்னும் பாதி கொடுக்கக் கிடக்கிறது, கொஞ்சம் யோசித்தேன்தான். பிறகு காஸ் கட்டரை எடுத்து நடுவில் இரண்டாக வெட்டி, நிறுத்து விற்றேன்.