பழைய மெஷின் வியாபாரத்தில் பணம் கைமாறும் நேரம்

கோவை கணபதியில் ஒரு லேத் (இரும்பைக் கடையும் மெஷின்), திருப்பூரில் பத்துப் பவர் டேபிள் தையல் மெஷின். இவை கைமாறுவது இன்று பெரும்பாலும் போனில் பார்த்த விளம்பரத்தில்தான் தொடங்குகிறது. நாலு போட்டோ, ஒரு விலை, ஒரு நம்பர். தொழிலில் பழகியவர்களுக்கு பெட் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிண்டில் பேரிங் சத்தம் போடுகிறதா என்பது பக்கத்தில் நின்றாலே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களும் பணம் போகிற வழியில் ஏமாந்து நிற்கிறார்கள். மெஷினைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவர், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஒதுக்குவதில்லை.

இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனமான மோசடி, நடுவில் ஒரு ஆள் புகுந்து செய்வது. ஒரு பட்டறைக்காரர் லேத்தை 2,40,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் கூப்பிடுகிறான்: "அண்ணே, மெஷின் எனக்குத்தான், விளம்பரத்தை எடுத்துடுங்க. நான் வெளியூர்ல இருக்கேன், என் மச்சான் வந்து பார்ப்பாரு. அவர்கிட்ட ரேட் மட்டும் பேசாதீங்க, எங்களுக்குள்ள ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கு." பிறகு அதே போட்டோக்களை வைத்து 1,70,000 என்று புது விளம்பரம் போடுகிறான். விலை மலிவாக இருப்பதால் உண்மையாகவே வாங்க நினைக்கிறவர் கூப்பிடுகிறார். அவரிடம், "மெஷின் எங்க அண்ணன் பட்டறையில நிக்குது, போய் ஓட்டிப் பாருங்க. ரேட் அவர்கிட்ட பேச வேண்டாம், பங்காளித் தகராறு" என்கிறான்.

இருவரும் பட்டறையில் சந்திக்கிறார்கள். மெஷின் நிஜம், பட்டறை நிஜம், உரிமையாளரும் நிஜம். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. வந்தவர் ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகி, வெளியே வந்து போனில் பேசி, அவன் சொன்ன கணக்குக்கு 1,70,000 அனுப்பிவிட்டு, "லோடு ஏத்தலாமா?" என்கிறார். "எனக்குப் பணமே வரலையே" என்கிறார் பட்டறைக்காரர். அதற்குள் அந்த போன் அணைந்திருக்கும். எதிரே நிற்பவர் அவனுடைய கூட்டாளி என்று இருவருமே நினைத்துக்கொண்டு சண்டை போடும் நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

இது ஏன் பலிக்கிறது என்றால், நேர்மையான புரோக்கரும் சில சமயம் "ரேட் பேசாதீங்க" என்றுதான் சொல்வார். தன் கமிஷன் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பழக்கத்துக்குள்தான் மோசடிக்காரன் ஒளிந்துகொள்கிறான். அதனால் கமிஷனை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசி முடித்துவிட வேண்டும். மெஷின் பணம் நேராக உரிமையாளர் கணக்குக்கு, கமிஷன் லோடு ஏறியபிறகு தனியாகப் புரோக்கருக்கு. மெஷின் பக்கத்தில் நின்றபடி வாங்குகிறவரும் விற்கிறவரும் இரண்டே கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: உங்களிடம் எவ்வளவு சொன்னார்கள், பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? உரிமையாளர் தன் வாயால் கணக்கு எண்ணைச் சொல்லட்டும். இதற்குக் கோபித்துக்கொள்ளும் புரோக்கரோடு வியாபாரம் வேண்டாம்.

விற்கிறவர்களைக் குறிவைப்பது வேறு வகை. ராணுவத்தில் இருக்கிறேன், முகாமுக்கு மெஷின் வேண்டும் என்பான். அடையாள அட்டையின் படமும் அனுப்புவான். பேரம் பேசவே மாட்டான். அதுவே முதல் எச்சரிக்கை. ஓட்டிப் பார்க்காமல், விலை குறைக்காமல் பழைய மெஷின் வாங்குகிற ஆளை இந்தத் தொழிலில் பார்க்க முடியாது. பிறகு ஒரு கியூஆர் கோடு வரும்: ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்து சேரும் என்பான். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. இருப்பு பார்ப்பது போன்றவை தவிர, பின் நம்பர் கேட்கும் திரை நம் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் திரைதான். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. கடைக்காரர் கணக்கு வழியாக வரும் கோரிக்கையும் கியூஆர் கோடும் இருக்கத்தான் செய்கின்றன, எனவே கவனம் குறையக் கூடாது.

5,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்ட இடத்தில் 50,000 வந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வரும். "சைபர் ஒன்னு கூடிப்போச்சு, 45,000 திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரிச் செலவு" என்று அவசரப்படுத்துவான். அந்த எஸ்எம்எஸ் சாதாரண பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்திருக்கும். வங்கி அப்படி அனுப்பாது. ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான், பணம் போனதாகத் திரை காட்டுவதற்கென்றே போலி ஆப்கள் இருக்கின்றன. வங்கி வழியாக அனுப்பும் ஒவ்வொரு தொகைக்கும் யுடிஆர் என்ற அடையாள எண் உண்டு; ஆர்டிஜிஎஸ் முறையில் அனுப்பினால் 22 எழுத்து, நெஃப்ட் முறையில் 16 எழுத்து என்று எண்ணிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் சரியான நீளத்தில் பொய் எண் எழுத யாராலும் முடியும். நம் வங்கி ஆப்பை நாமே திறந்து, கணக்கு விவரத்தில் அந்த வரவைக் கண்ணால் பார்க்க வேண்டும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போவதால் "அனுப்பிட்டேன், வந்துடும்" என்பது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையானால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. லாரிக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுப்பது எவ்வளவோ மேல். செக் என்றால் போட்ட ரசீதின் படத்துக்கு மதிப்பே கிடையாது. செக் பாஸாகி, எடுக்கக்கூடிய இருப்பில் பணம் சேர்ந்தபிறகுதான் கிரேன் வர வேண்டும்.

வாங்குகிறவர் சிக்குவது அட்வான்ஸில். முதலில் டோக்கன், பிறகு லாரி வாடகை, பிறகு ஜிஎஸ்டி, பிறகு "டெலிவரி ஆனதும் திரும்பி வரும்" இன்சூரன்ஸ் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். முதலில் கொடுத்தது வீணாகக் கூடாது என்ற நினைப்பில்தான் அடுத்ததைக் கொடுக்கிறோம். நேரில் போய்ப் பார்த்து வர ஆகும் செலவைவிட அட்வான்ஸ் அதிகம் என்றால், போய்ப் பார்த்துவிடுவதே மலிவு. போக முடியாவிட்டால் வீடியோ கால் கேளுங்கள். அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதி நேம் பிளேட் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே மெஷினை ஓட்டிக் காட்டட்டும். சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு பில்லில் அதே நம்பர் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஜிஎஸ்டி எண் கொடுத்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுச் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறி; தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அந்த பானில் நாலாவது எழுத்து பி என்றால் தனிநபர், சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம். எண் உண்மையாக இருந்தும் அதை வேறொருவன் திருடிக் காட்டலாம். அதனால் அந்தப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் முக்கியம். வெகுகாலம் நெஃப்டும் ஆர்டிஜிஎஸும் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்துப் பணத்தைச் சேர்த்தன. நாம் எழுதும் பெயருக்கு அதில் வேலையே இல்லை. 2025 ஏப்ரலுக்குள் பயனாளியின், அதாவது பணம் பெறுகிறவரின், பெயரை முன்பே காட்டும் வசதியைத் தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. அனுப்பும் முன் அந்தப் பெயரைப் படியுங்கள். பில் கம்பெனி பெயரில், கணக்கு ஏதோ தனிநபர் பெயரில் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மெஷின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்பதைச் சிறு கட்டணம் கட்டி, அடமானக் கடன்களைப் பதியும் செர்சாய் (CERSAI) பதிவேட்டில் தேடலாம். பெரிய மெஷினுக்கு இதை விடக் கூடாது.

லோடு ஏற்றும் நாளின் அவசரமும் ஆபத்துதான். யுபிஐயில் தனிநபருக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 1 லட்சம்தான் அனுப்ப முடியும். ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்திலிருந்து. புதிதாகச் சேர்த்த பயனாளிக்கு முதல் நாளில் பெருந்தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. இதெல்லாம் தெரியாமல் போய் நின்றால், "எங்க சித்தப்பா பையன் கணக்குல போட்டுடுங்க" என்பதற்குத் தலையாட்ட வேண்டிவரும். முந்தின நாளே பயனாளியைச் சேர்த்து, ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். மறுநாள் ஓட்டிப் பார்த்து முடித்ததும் ஒரு பகுதி, மெஷின் லாரியில் உட்கார்ந்து பில் கைக்கு வந்ததும் மீதி என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் போன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு. அடுத்து நம் வங்கிக்கு. யுடிஆர் எண், தேதி, நேரம், தொகை, பணம் போன கணக்கு எண் கையில் இருக்க வேண்டும். பணம் அடுத்தடுத்துப் போன கணக்குகளில் மிச்சம் இருப்பதைப் பிடித்துவைப்பார்கள், எனவே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நாமே பின் போட்டு அனுப்பியதால் வங்கி ஈடு கட்டும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பணத்தைப் பிடித்துவைக்கும் இதே ஏற்பாடு ஒரு பாவமும் அறியாத விற்பனையாளரையும் பிடிக்கும். வேறெங்கோ ஏமாற்றிய பணத்தை ஒருவன் உங்கள் மெஷினுக்கு விலையாக அனுப்பியிருப்பான். சில வாரம் கழித்து உங்கள் கணக்கு முடங்கும். எனவே வாங்குகிறவர் பெயரில் இல்லாத கணக்கிலிருந்து பணம் வாங்காதீர்கள். அதிகமாக வந்ததை வேறு நம்பருக்குத் திருப்பி அனுப்பாமல், வந்த வழியே திருப்பும்படி வங்கிக்கு எழுதுங்கள். கணக்கு முடங்கினால் புகாரின் எண், காவல் நிலையம், சந்தேகத் தொகை ஆகியவற்றை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில், லாரி ரசீது, வாங்கியவரின் அடையாள நகல், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அந்த அதிகாரிக்கு அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். இந்தத் தாள்களை லோடு ஏறிய அன்றே ஒரு ஃபைலில் போட்டு வைப்பவரால்தான் இதைச் சீக்கிரம் முடிக்க முடியும்.