துணி கூப்பன்

இங்க அயர்லாந்துல மார்ட்ல, அதாவது மாட்டுச் சந்தையில, ஏலம் முடிஞ்சு நிக்கும்போது பக்கத்துப் பண்ணை பெரியவர் கோட்டு பையிலருந்து எடுத்துக் காட்டினாரு, அவங்க அம்மாவோட போர்க்கால ரேஷன் புத்தகம்.

டீ கூப்பன் ஒண்ணு கூட மிச்சமில்ல. துணி கூப்பன் மட்டும் பாதி அப்படியே இருக்கு. வாங்க காசு இல்லையாம்.

அயர்லாந்து இரண்டாம் உலகப் போர்ல சேரல, இங்க அந்தக் காலத்துக்குப் பேரே எமர்ஜென்சி தான். ஆனா கஷ்டம் வந்துச்சு. டீ ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் (சுமார் 14 கிராம்) வரைக்கும் இறங்கிடுச்சு, மாடு மேய்ஞ்ச நிலத்தையெல்லாம் கட்டாயமா உழச் சொல்லிட்டாங்க, நடுவுல 1941ல கோமாரி வேற. அதுக்கும் முன்னாடி 1930கள்ல பிரிட்டனோட வரிச் சண்டை, கன்னுக்குட்டிய விக்க வழியில்லாம கொன்னு தோலுக்கு அரசாங்கத்துகிட்ட காசு வாங்கியிருக்காங்க. இதெல்லாம் அவங்க அப்பா சொன்னதாம்.

2019ல நல்ல விலை கேட்டு நடந்த போராட்டத்துல இவரே மாட்டிறைச்சி ஃபேக்டரி வாசல்ல மழையில நின்னவரு. இறைச்சி கிலோவுக்கு மூணரை யூரோ கூட தரல, மாடு 30 மாசம் தாண்டினா போனஸ் கட், நாலு பண்ணைக்கு மேல கைமாறியிருந்தாலும் கட்.

இந்த நாட்டு மாட்டிறைச்சில பத்துல ஒன்பது பங்கு வெளிநாட்டுக்குத் தான் போகுது. விலை எங்கயோ முடிவாகுது, ரெண்டு வருஷம் வளர்த்தவருக்கு அதுல பேச்சே இல்ல.

இப்போ விலை நல்லா ஏறியிருக்கு, உண்மை தான். ஆனா அவர் மகன் டப்ளின்ல வேலைக்குப் போயிட்டான், சனி ஞாயிறு மட்டும் வந்து மாடு பாக்குறான். எனக்கு அதுல வருத்தத்த விட கோவம் தான் அதிகம்.