நிழல் விழும் கோடு

வளர்பிறை அஷ்டமியன்று மாலை, அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் என் மகள் கைப்பேசியில் நிலவைப் படமெடுத்து, வாடிய முகத்தோடு என்னிடம் நீட்டினாள். கறுத்த வானத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழுந்திருந்தது. நிலவின் தரை, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும் கரும்பாறை. ஆனாலும் அது பகல் வெயிலில் கிடக்கிறது. கைப்பேசியோ சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டியதும் பொட்டு பாதி நிலவானது. ஆனால் அந்தச் சிறிய லென்ஸ் சென்சாரில் விழச் செய்யும் நிலவு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவளிடம் பைனாகுலரையும் பென்சிலையும் கொடுத்து வரையச் சொன்னேன். ஒளியும் இருளும் சந்திக்கும் இடத்தில் முதலில் நேர்க்கோடு ஒன்றை இழுத்தாள். "இன்னொரு முறை பார்த்துவிட்டு வரைம்மா" என்றேன். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவள், நேர்க்கோட்டை அழித்துவிட்டுப் பல் பல்லாக ஒரு கோடு வரைந்தாள். பிறகு, இருட்டுக்குள் தனியே மின்னிய ஒரு புள்ளியையும் வைத்தாள்.

1609 ஜூலையில் இங்கிலாந்தில் கணிதவியலாளர் தாமஸ் ஹேரியட் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து வரைந்த படத்தில் இதே கரடுமுரடான கோடு இருக்கிறது, ஆனால் மலை இல்லை. சில மாதங்கள் கழித்து நிலவைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோ, ஓவியப் பயிற்சி உள்ளவர் என்பதால், கறைகளை நிழல்களாகக் கண்டார் என்று கலை வரலாற்றாளர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். இருட்டுக்குள் மின்னும் புள்ளிகள் சூரிய ஒளி முதலில் தொடும் மலையுச்சிகள் என்று உணர்ந்து, கோட்டிலிருந்து அவை விலகியிருக்கும் தொலைவைக் கொண்டு அவற்றின் உயரத்தையே அவர் கணக்கிட்டார்.

2023 ஆகஸ்ட் 30 அன்று சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி நிலவில் எடுத்த, விக்ரம் தரையிறங்கு கலத்தின் கறுப்பு வெள்ளைப் படம் என் மனத்தில் நிலைத்திருப்பதற்கும் நிழலே காரணம். அவை இறங்கிய 69 பாகை தெற்கில் சூரியன் உயர ஏறுவதே இல்லை. அதனால்தான் அங்கே சிறு குழியும் கல்லும்கூடத் தனித்துத் தெரிகின்றன.

எங்களோடு அமர்ந்திருந்த அம்மா, "வடை சுடுற பாட்டி பௌர்ணமியிலதான் முழுசா தெரிவா" என்று பேத்தியிடம் சொன்னார். அதுவும் சரிதான். முழுநிலவில் நிழல்கள் மறைந்து, உறைந்த எரிமலைக் குழம்பின் கரும்பரப்புகள் மட்டுமே எஞ்சுகின்றன. நிழல் இல்லாத அந்த வெறும் கறைகளில்தான் நம் முன்னோர் பாட்டியையும் முயலையும் வரைந்துகொண்டார்கள்.

இன்னும் இரண்டு நாளில் கோடு நகர்ந்து கோபர்னிகஸ் பள்ளம் வெளியே வரும் என்று மகளிடம் சொன்னேன். அவள் அதற்காகத் தாளின் இடப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள்.