ஏழு நாட்கள் காத்திருக்கும் நீர்

பெரியம்மாவைக் குருதிச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரு தடவைகள் வவுனியாவுக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், என் கண்கள் இயந்திரத்தின் பின்னால் உள்ள நீர்க் குழாயிலேயே நிற்கின்றன. நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணித்தியாலங்களில் அந்நீரைக் கொண்டு தயாரித்த 120 லீற்றர் திரவம், மெல்லிய சவ்வுக்கு மறுபுறமாக, அவருடைய குருதியை ஒட்டி ஓடுகிறது.

எங்கள் கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவை விடுவது. அந்தக் கடினத்தன்மையை வடிகட்டி நீக்கிவிடலாம். ஆனால் வடிகட்டிய நீரில் குளோரீனும் இராது என்பதால், குழாயின் உட்சுவரில் பற்றீரியாக்கள் வழுவழுப்பான படலமாக ஒட்டி வளர இடமுண்டு.

சர்வதேச நியமத்தின்படி அந்நீரின் ஒரு மில்லிலீற்றரில் பற்றீரியாக் கூட்டங்கள் 100க்கும் குறைவாகவே இருக்க வேண்டும். பற்றீரியாக்களை வளரவிட்டு எண்ணும் வழமையான வளர்ப்பு முறையில் இதனை அறிய ஏழு நாட்கள் வரை செல்லும். அதற்குள் பெரியம்மா இரு தடவைகள் அந்த நீரை நம்பிப் படுத்திருப்பார். பீசீஆர் முறையோ பற்றீரியாவின் டீஎன்ஏயைப் பெருக்கிச் சில மணித்தியாலங்களிலேயே விடை தருகிறது. இறந்த கலங்களின் டீஎன்ஏயையும் அது காட்டுமாதலால், கிருமிநீக்கம் செய்த உடனேயே சோதித்தால் விடை பிழைக்கக்கூடும். பற்றீரியாக்களின் சுவரிலிருந்து வெளிப்பட்டுக் காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும் அகநச்சுக்குத் தனிப் பரிசோதனையும் வேண்டும். எனவே வளர்ப்பு முறையைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. அதன் விடை வரும்வரை எச்சரிக்கப் பீசீஆர் முறையும் எங்கள் மாவட்டங்களுக்கு வரவேண்டும் என்றே கேட்கிறேன்.