பதினேழு மாதம்

1999 நவம்பரில் நான் ரொறன்ரோவில் இறங்கியபோது குளிருக்குப் போட என்னிடம் ஒன்றும் இல்லை. விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போனவன் அவன்தான். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எனக்கு ஒன்றரை வருசம் முன்னரே கனடா வந்து சேர்ந்துவிட்டான். கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

அது கத்தரிப்பூ நிறக் கோட்டு. பழைய உடுப்பு விற்கும் கடையில் எட்டு டொலருக்கு வாங்கியிருந்தான். பொத்தான்கள் இடப்பக்கம் இருந்தன. அது பெண்கள் போடும் கோட்டு என்று பிறகு வேலையிடத்தில் ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும். தெரிந்த பிறகும் அதைத்தான் போட்டோம். அவனுக்கு இரவு வேலை, நகரத்தின் நடுவில் உயரமான அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்குவது. எனக்குப் பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. அவன் காலையில் வந்து கழற்ற, அந்தச் சூடு ஆறுவதற்குள் நான் போட்டுக்கொண்டு போவேன். என் முதல் குளிர்காலம் அப்படியே ஒரு கோட்டில் கழிந்தது.

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஐந்து பேர் இருந்தோம். சின்ன யன்னல் ஒன்று, நில மட்டத்தில். அதனூடாகப் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். அங்கே இருந்துதான் நான் இந்த நாட்டைப் படித்தேன், அவன்தான் படிப்பித்தான். எந்த பஸ்ஸில் மாறல் ரிக்கற் கேட்க வேண்டும், அகதி விசாரணைக்குப் போகும்போது திகதிகளை எப்படி மனதில் வைத்திருக்க வேண்டும், சமூகக் காப்புறுதி இலக்கம் என்றால் என்ன. எங்களுடைய இலக்கம் 9 இல் தொடங்கும். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு அப்படித்தான். "இந்த ஒன்பதைக் கண்டால் பாங்கில சிரிச்சுக் கதைப்பாங்கள், கடன் மட்டும் தரமாட்டாங்கள்" என்பான். எனக்கு நடந்ததும் அதுதான்.

கடன் கிடைக்காது, ஆனால் காசு வேண்டும். எங்களை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்குக் கட்டிய காசு ஊரில் வட்டிக்கு எடுத்தது, அது மாதம் மாதம் வளரும். அப்படியானவர்களுக்கு இருந்த ஒரே வழி சீட்டு. வெளியில் இருப்பவர்கள் அதைச் சூதாட்டம் போல் பார்க்கிறார்கள். எனக்கு அதில் இன்றும் மரியாதை உண்டு. காகிதமே இல்லாமல், வாய்ச்சொல்லை நம்பி ஒரு சமூகம் தனக்குத்தானே வங்கியாக நின்றது. எங்கள் சீட்டில் இருபது பேர், மாதம் ஐந்நூறு டொலர், இருபது மாதம். பத்தாயிரம் சேரும். அவசரமாகத் தேவைப்படுகிறவர் கழிவு கேட்டு எடுப்பார். எடுத்தவர் கடைசி மாதம் வரை முழு ஐந்நூறும் கட்ட வேண்டும். கழிவுக் காசு இன்னும் எடுக்காதவர்களுக்குப் பிரியும். முந்தி எடுப்பவருக்கு யாராவது பொறுப்பு நிற்க வேண்டும் என்பது தாச்சியாக, அதாவது சீட்டை நடத்துபவராக, இருந்த அக்கா வைத்த நிபந்தனை.

2001 ஏப்ரலில் சீட்டுத் தொடங்கியது. மூன்றாம் மாதம் அவன் 2,600 கழிவு கேட்டு 7,400 எடுத்தான். நான் பொறுப்பு நின்றேன். தாச்சி அக்காவின் குசினி மேசையில், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் கையெழுத்து வைத்தேன். ஏன் எடுக்கிறாய் என்று கேட்கக்கூட இல்லை. கோட்டைத் தந்தவனிடம் அதை எப்படிக் கேட்பது?

நாலாம் மாதக் காசு கட்டும் நாளில் அவன் இல்லை. வேலையிலும் இல்லை. அவனுடைய மெத்தை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆணியில் கோட்டு மட்டும் தொங்கியது. ஆடி மாதம், அவனுக்கு அது தேவைப்படவில்லை.

மீதி பதினேழு மாதத்தையும் நான் கட்டினேன். 8,500 டொலர். அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 6.85. கணக்குப் பார்த்தால் 1,240 மணித்தியாலம் கோப்பை கழுவிய காசு. அது போதாமல், அரும்பாடுபட்டு எடுத்த கடன் அட்டையில் காசு எடுத்தேன். அதைக் கட்டப் பிந்தினேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று காட்ட, இந்த நாட்டில் 300 இலிருந்து 900 வரை ஒரு எண் மனிதனுக்குப் பின்னாலேயே திரியும். என்னுடையது விழுந்தால் எழும்பாத இடத்துக்குப் போய்விட்டது. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடங்களில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு அழைக்கிறோம் என்பார்கள். அழைக்க மாட்டார்கள். வருசக்கணக்கில் நான் அந்த நிலக்கீழ் அறையிலேயே இருந்தேன்.

அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. 2002 இல் போர்நிறுத்தம் வந்தது, யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்தது. அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் ஊருக்குப் போக முடியாது, ஆனால் இந்தியா போகலாம். அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்து ஒரு மாதம் கூட வைத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நிறையப் பேர் அப்படித்தான் பெற்றோரைப் பார்த்தார்கள். வடபழனியில் வீடு எடுத்து, கோயிலுக்குக் கூட்டிப்போய், பல்லுக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். நான் அடுத்த வருசம், அடுத்த வருசம் என்றேன். 2005 இல் அம்மா போய்விட்டார். தொலைபேசியில்தான் சேதி வந்தது.

இடையில் நானும் ஒன்று செய்தேன். அவன் போய் இரண்டு மாதத்தில், அவனுடைய அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் மகன் கள்ளன் என்று எழுதினேன். தொகையையும் எழுதினேன். சின்ன வயதில் எனக்குச் சோறு போட்ட கை அது. தபால்பெட்டியில் போட்டபோது மனம் குளிர்ந்தது.

என் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் "அவனோடை கதைச்சியோ?" என்று கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். நடந்தது தெரிந்தும் ஏன் இவர் இதையே கேட்கிறார் என்று பதில் எழுதாமல் விடுவேன்.

2009 ஏப்ரலில் ஒட்டாவாவில் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் அவனைக் கண்டேன். தோளில் ஒரு பெண்பிள்ளை. அவனும் என்னைக் கண்டான். ஊரே எரிந்துகொண்டிருந்த நேரம், ஆனாலும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது 8,500. நான் திரும்பி வேறு பக்கம் நடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கூசுகிறது.

அவன் அழைத்தது 2023 ஐப்பசியில். மொன்றியலில் இருந்தானாம், இவ்வளவு காலமும். 401 நெடுஞ்சாலையில் ஏறினால் ஐந்தரை மணித்தியாலம். ஒரு சனிக்கிழமை காலை ஸ்காபரோவில் ரிம் ஹோர்ட்டன்ஸ் ஒன்றில் சந்தித்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கும்தான்.

கோப்பியை வாங்கி வைத்துவிட்டுக் கனநேரம் இருந்தோம். அவன் தம்பியைப் பற்றிச் சொன்னான். ஏஜென்ட் தம்பியை ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இன்னும் காசு தந்தால்தான் அடுத்த விமானம் என்றானாம். சீட்டுக் காசு அங்கே போனது. எட்டு மாதம் ஒரு அறையில் அடைபட்டுக் கிடந்துவிட்டு, தம்பி திரும்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே வந்து சேர்ந்தான்.

எனக்கு அது காணாது. இருபத்திரண்டு வருசமாக ஒரே கேள்வியைத்தான் நான் வைத்திருந்தேன்.

"நான் கையெழுத்து வைக்கேக்க, கட்டமாட்டன் எண்டு உனக்குத் தெரியுமோ?"

அவன் கோப்பியின் மூடியைத் திறந்தான், மூடினான். திரும்பவும் திறந்தான்.

"தெரியும் மச்சான்."

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் எழும்பிப் போயிருப்பேன். சமாளித்திருந்தாலும் போயிருப்பேன். அவன் அப்படிச் சொன்னதும் எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. அம்மாவைப் பற்றிச் சொன்னேன், சத்தமாகவே. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் எடுக்கவில்லை. அது நல்லது.

பிறகு அவன் கேட்டான்: "உன்ரை அம்மா உனக்குக் காப்புக் கதை சொல்லேல்லையோ?"

என் கடிதம் கிடைத்த கிழமையே அவனுடைய அம்மா கையிலிருந்த இரண்டு காப்பையும் கழற்றி, சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் அம்மா அந்த முடிச்சை அவிழ்த்து, காப்புகளைத் திரும்ப அவர் கையில் தானே ஏற்றிவிட்டிருக்கிறார். சவர்க்காரம் போட்டுத்தான் ஏற்ற முடிந்ததாம். "பெடியள் தங்களுக்குள்ள கதைச்சுத் தீர்க்கட்டும், நாங்கள் இதுக்குள்ள வேண்டாம்" என்றிருக்கிறார். போகும்போது ஒரு கட்டு முருங்கைக்காயும் கொடுத்துவிட்டாராம். அதன் பிறகுதான் அம்மாவின் கடிதங்களில் அந்தக் கடைசி வரி வரத் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

அவனுடைய அம்மா இன்னும் இருக்கிறார். என் கடிதத்துக்காக அவரிடம் நான் என்ன சொல்வது என்று கேட்டேன். "நீயே எடுத்துக் கதை" என்று இலக்கத்தைத் தந்தான். இன்னும் எடுக்கவில்லை. எடுப்பேன்.

காசை என்ன செய்வது என்ற கதை கார் தரிப்பிடத்தில் வந்தது. ஒரேயடியாகத் தரத் தன்னிடம் இருக்கிறது என்றான். எனக்கு என்னவோ அது வேண்டாம் என்று பட்டது. விட்ட இடத்திலிருந்து மாதம் ஐந்நூறாகக் கட்டு என்றேன். "பதினேழு மாதம்" என்றான். "ஓம், பதினேழு."

அடுத்த மாதம் முதலாம் திகதி காலை வேலைக்கு வெளிக்கிடும்போது தொலைபேசியில் மின்னஞ்சல் வந்தது. இங்கே அப்படிக் காசு அனுப்பினால், அனுப்புகிறவர் ஒரு கேள்வி வைப்பார். வாங்குகிறவர் சரியான பதிலை அடித்தால்தான் காசு கணக்கில் விழும். கேள்வி: கோட்டு என்ன நிறம்?

பர்ப்பிள் என்று அடித்தேன். பிழை என்றது. செருப்போடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கத்தரிப்பூ என்று ஆங்கில எழுத்தில் கூட்டி அடித்தேன். காசு விழுந்தது.